காலி டப்பா

மனிதனுக்கு வரும் பெரிய துன்பங்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்ல ஆட்கள் உண்டு. காய்ச்சல் கண்டால் வைத்தியர் இருக்கிறார். வழக்கு வந்தால் வக்கீல் இருக்கிறார். மனம் நொந்தால் கோயில் இருக்கிறது. ஆனால் மூடியில்லாத டப்பாவையும் டப்பாவில்லாத மூடியையும் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திண்டாடுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் தன் குறையைப் போய் ஒருவரிடம் சொன்னால், "இதுவும் ஒரு கஷ்டமா?" என்று அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தம் வீட்டுக்குப் போய், அவரும் அதே மாதிரி ஒரு மூடியைத் தேடுவார்.

இவ்விதச் சில்லறைத் துன்பங்களுக்கு ஒரு ஜாபிதா எடுத்தால் அதற்கு முடிவே இராது. ஒரு முறை பிரித்தபின் மறுபடி மூட முடியாத பிஸ்கோத்துப் பொட்டலம். மை தீர்ந்தும் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும் பேனா. ஜோடியை இழந்து நிற்கும் ஒற்றைச் செருப்பு. வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசிக்கும் பொருந்தாத சார்ஜர் கம்பி. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது தெறித்து விழுந்து, பிறகு எங்கே போயிற்றென்றே தெரியாத முக்கோணத் துண்டு - இவற்றுக்கெல்லாம் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. எறியவோ மனம் வருவதில்லை. அப்படியே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எறிந்தாலும், எங்கே எறிவது என்பது விளங்குவதில்லை.

எங்கள் ஊர் குருவிநத்தம். பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது, தென்பெண்ணையை ஒட்டியது. புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற வட்டாரம் இது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையின் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட நெல் விளையும் பூமியில் 'குப்பை' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இழிவான பொருளே கிடையாது. குப்பை என்றால் எரு. எரு என்றால் நெல். குப்பைக்குழியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு குடியானவனின் யோக்கியதையை மதிப்பிட்டார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாட்டுக் கொட்டகையோடு குப்பைக்குழியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திண்ணையில் உட்காருவார்களாம்.

இந்தச் செய்தி எனக்கு என் தாயார் மூலமாகக் கிடைத்தது. அவருக்கு வயது 80-க்கு மேல் ஆகிறது. ஒரு பொருளை 'எறிவது' என்ற வினைச்சொல்லே அவருடைய அகராதியில் கிடையாது. ஒரு நூல் புடவை அவர் கையில் எத்தனை ஜன்மம் எடுக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதலில் அது புடவை. ஓரம் நைந்ததும், குழந்தை பிறந்த வீட்டில் தூளியாகும். தூளி இற்றுப் போனால், துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டுச் சில பகுதி தலையணைக்குள் போகும். சில பகுதி அடுப்பங்கரையில் கரித்துணியாகும். கரித்துணியும் நைந்தபின் விளக்குத் திரியாகும். திரி எரிந்து சாம்பலாகும். அந்தச் சாம்பலை எடுத்து என் தாயார் பாத்திரம் தேய்ப்பார். ஆத்மாவுக்கு மறுபிறவி உண்டா இல்லையா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். புடவைக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

தேங்காயின் கதையும் இதுதான். மட்டை அடுப்புக்கு, நார் பாத்திரம் தேய்க்க, சிரட்டை அகப்பைக்கு. அரிசி களைந்த தண்ணீர் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து பசுமாட்டுக்குப் போகும். காய்கறித் தோல் ஆட்டுக்கு. வீட்டுக்குள்ளே வந்த எந்த வஸ்துவும் வேறொரு உருவத்தில் நிலத்துக்கே திரும்பியது. இதற்கு 'மறுசுழற்சி' என்ற பெயர் அக்காலத்தில் ஏற்படவில்லை. பெயர் இல்லாமலே காரியம் நடந்தது. இப்போது பெயர் பிரமாதமாக இருக்கிறது.

வீட்டில் பயன்படாதவற்றை வாங்கிக்கொள்ளத் தெருவிலே ஒரு வியாபாரக் கூட்டமும் இருந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார் ஒருவர். அந்தப் பழத்தின் ஆசையால், நல்ல நிலைமையிலிருந்த எத்தனையோ வீட்டுத் தாழ்ப்பாள்கள் 'பழைய இரும்பு' ஆகியிருக்கின்றன என்று சொல்வார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தார் மற்றொருவர். ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர், குடை தைக்கிறவர், சாணை பிடிக்கிறவர் என்று, பழையதைப் புதிதாக்கும் வித்தை தெரிந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். இப்போது உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கு வெங்காயம் தருகிறேன் என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வண்டி வருகிறது. பேரீச்சம்பழம் போய் வெங்காயம் வந்தது ஒன்றே காலம் மாறியதற்கு அடையாளம்.

இது நிற்க. பழைய பேப்பர் வாங்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பூரணமாகாது. எங்கள் வீட்டுத் தராசில் 12 கிலோ இருந்த காகிதக் கட்டு, அவர் தராசில் ஏறியதும் விரதம் இருந்து இளைத்ததுபோல் 9 கிலோ ஆகிவிடும். "ஐயா, மழைக்காலத்துல பேப்பர் ஈரம் குடிச்சிருக்கும். அதைக் கழிக்கணுமில்ல?" என்பார். வெயில் காலத்தில் கேட்டால், "வெயில்ல காஞ்சு எடை குறைஞ்சு போச்சுங்க" என்பார். எந்தப் பருவத்திலும் குறைகிற பொருள் உலகத்தில் பழைய பேப்பர் ஒன்றுதான். இருந்தாலும் அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் எடுத்துச் செல்லும் காகிதம் மறுபடி காகிதமோ அட்டையோ ஆகிறது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் அதன் நார் குட்டையாகிக்கொண்டே போவதால், காகிதத்துக்குச் சில பிறவிகளே உண்டு. இரும்புக்கும் கண்ணாடிக்கும் அந்த வரம்பு கிடையாது. எத்தனை முறை உருக்கினாலும் அவை அவைதான்.

துணியிலிருந்தும் காகிதம் பிறக்கும். புதுச்சேரியில் 1959-ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட அரவிந்த ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்சாலையில் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித்தான் அழகான காகிதம் செய்தார்கள். இந்தத் தகவலை என் தாயாரிடம் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவில்லை. "திரி போடத் தெரியாதவங்க காகிதம் பண்றாங்க" என்று சொல்லிவிட்டார்.

இனி எங்கள் வீட்டு உள்நாட்டுப் போரைச் சொல்லவேண்டும். என் தாயாரின் சாஸ்திரம் புடவைக்கும் தேங்காய்க்கும் பொருந்தியது. ஆனால் அந்தச் சாஸ்திரத்துக்குள் அடங்காத ஒரு ஜாதி வஸ்துக்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன. மிட்டாய்க் கடையிலிருந்து வரும் டப்பா, ஓட்டலிலிருந்து சாம்பாரைச் சுமந்து வரும் டப்பா, ஊறுகாய்ப் புட்டி, எண்ணெய் டின், தண்ணீர் பாட்டில் - எல்லாவற்றையும் அவர் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கினார். பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டார். பார்க்கிறவர்கள் வீட்டில் கல்யாணமோ என்று நினைக்கும்படி தோரணமாக அவை ஆடின. ஒரு நாள் அலமாரிக் கதவைத் திறந்த என் மனைவியின் தலைமீது 17 டப்பாக்கள் மலர்மாரிபோல் பொழிந்தன.

"அத்தை, இதெல்லாம் எதுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"எதுக்காவது ஆகும், அம்மாடி."

"எப்போ ஆகும்?"

"தூக்கி எறிஞ்ச மறுநாளு ஆகும்" என்றார் என் தாயார்.

இது மறுக்க முடியாத உண்மை என்பதை, வீட்டைச் சுத்தம் செய்த அனுபவமுள்ள வாசகர்கள் அறிவார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். ஒரு பக்கம் தாயார், மறு பக்கம் தாரம். நடுவே 17 டப்பா. நான் ஒரு டப்பாவைத் திருப்பி அதன் அடியிலுள்ள முக்கோணத்தை ஆராய்ச்சி செய்வதில் முனைந்தேன்.

அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிற்காரர்கள் ஏற்படுத்திய குறி அது. தண்ணீர் பாட்டிலில் 1. ஓட்டல் டப்பாவில் பெரும்பாலும் 5. இந்தக் குறி இருந்தால் அந்தப் பொருள் கட்டாயம் மறுசுழற்சி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இன்ன ரகப் பிளாஸ்டிக் என்று மட்டுமே அது சொல்கிறது; வாங்க ஆள் இருக்கிறாரா என்று சொல்வதில்லை. பால் பாக்கெட் ஒரே ரகப் பிளாஸ்டிக்கால் ஆனது; ஆகையால் கழுவிக் காயவைத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். என் தாயாருக்கு எண் தெரியாது. ஆனாலும் கொடியில் கட்டிய தோரணம் சரியான தோரணந்தான்.

வாங்க ஆளே இல்லாத வஸ்து ஒன்று உண்டு. அதுதான் 'சாஷே' என்னும் சின்னப் பொட்டலம். அதன் பிறப்பிடம் எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் ஆற்றுக்கு அப்பாலுள்ள கடலூர் என்பது பலருக்குத் தெரியாது. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் என்பவர் 1970-களில், பாட்டில் பாட்டிலாக வாங்க முடியாத ஏழையும் ஷாம்பு போட்டுக்கொள்ளவேண்டும் என்ற எண்ணத்தில் அதைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்க வழி கண்டார். பணக்காரன் அனுபவிப்பதை ஏழையும் அனுபவிக்கட்டும் என்ற அந்த எண்ணத்தில் குறை காண முடியுமா? பிற்காலத்தில் காப்பித்தூள், ஊறுகாய், சோப்புத்தூள் எல்லாமே பொட்டலத்துக்குள் புகுந்துவிட்டன. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டி வரும் பொட்டலத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு; எடையோ ஒன்றுமில்லை. வெங்காய வண்டிக்காரர் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் தாயார் ஒரு நாள் முழுவதும் யோசித்தும் அதற்கு மறுபிறவி கொடுக்க முடியவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டப்பா விஷயம் இப்படி வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வரும் அம்மாள், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். துணி சிவந்திருந்தது. முதல் நாள் எந்த வீட்டுப் பையிலோ உடைந்த கண்ணாடித் தம்ளர் இருந்திருக்கிறது. சோறும் குழம்பும் காகிதமும் ஒன்றாகக் கலந்து முடிச்சுப் போட்ட பை அது. பிரிப்பதற்காகக் கையை விட்டவருக்கு உள்ளங்கை கிழிந்துவிட்டது.

என் தாயார் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ஆயா, குப்பைன்னா எனக்குப் பயமில்ல" என்றார் அந்த அம்மாள். "முப்பது வீட்டுக் குப்பையும் கண்ணால பாத்தா எனக்குத் தெரியும். இந்த முடிச்சுப் போட்ட பைதான் பயம். உள்ளே என்ன இருக்குன்னு கையை வுட்டாத்தான் தெரியுது."

இந்த வார்த்தைகள் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தன. நாம் பையை இறுக்கி முடிச்சுப் போடுவது நம் வீடு சுத்தமாக இருப்பதற்காக. அந்த முடிச்சை வேறொருவர் அவிழ்க்கவேண்டும் என்ற எண்ணம் நமக்கு உதிப்பதில்லை. தெருக்காரர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "பிரிக்கிறதுதானே அவங்க வேலை? அதுக்குத்தானே சம்பளம்?" என்றார் ஒருவர். சம்பளம் குப்பையைக் கொண்டுபோவதற்கு. கையை அறுத்துக்கொள்வதற்கு அல்ல. இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் அன்று முதல் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கவேண்டும் என்பது இந்திய சர்க்காரின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்ட விஷயம். மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள். "இது என்ன புதுத் தொல்லை?" என்று சலித்துக்கொண்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

பாரிஸ் நகரில் எழேன் புபெல் என்று ஓர் அதிகாரி இருந்தார். வீட்டுக்காரர்கள் குப்பையைத் தெருவில் கொட்டக்கூடாது, பெட்டியில் போட்டு வைக்கவேண்டும் என்று 1883-ஆம் ஆண்டுக் கடைசியில் அவர் ஓர் உத்தரவு போட்டார். எத்தனை பெட்டி? மூன்று! அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தைக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு இவற்றுக்கு ஒன்று. வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். தெருக் குப்பையில் கந்தை பொறுக்கிப் பிழைத்தவர்கள், தங்கள் பிழைப்புப் போயிற்றே என்று கூக்குரலிட்டார்கள். பத்திரிகைகள் அந்தப் பெட்டிக்கே அவர் பெயரை வைத்துப் பரிகாசம் செய்தன. பிரெஞ்சுப் பாஷையில் குப்பைத் தொட்டிக்கு இன்றளவும் 'புபெல்' என்றே பெயர். பெட்டி நிலைத்துவிட்டது, பிரிப்பதுதான் அந்நாளில் நிலைக்கவில்லை.

அந்த உத்தரவு பிறந்த காலத்தில் பாகூர் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியிலே இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் அவர்கள் ஆட்சி இங்கிருந்து அகன்றது. அவர்களுடைய கொம்யூன் என்ற பெயரை வைத்துக்கொண்டோம். மூன்று பெட்டியை மட்டும் மறந்துவிட்டோம். வெள்ளைக்காரனிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில் நமக்கு எப்போதுமே ஒரு தடுமாற்றம் உண்டு.

நம்மவர்களும் இதைச் சொல்லாமல் இல்லை. காந்தியடிகள் தமக்கு வந்த தபால் உறைகளைப் பிரித்து, எழுதாத பக்கத்தில் எழுதினார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் ஏற்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். இயற்கையின் சுழற்சியை அறுக்காமல் பிழைக்கிற பொருளாதாரமே நிலைக்கும் என்று அவர் சிறையிலிருந்தபடி நூல் எழுதினார். அந்த நூல் 1945-இல் வெளிவந்தது. ஹாவர்டு என்ற ஆங்கிலேயரோ இந்தூரிலே நம் குடியானவர்களின் குப்பைக்குழியைக் கூர்ந்து பார்த்து, இலையையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காற்றுப்படக் கிளறி எரு செய்யும் முறையை வகுத்து, 1931-இல் உலகத்துக்குச் சொன்னார். நம்முடைய குப்பைக்குழி சீமைக்குப் போய்ப் புத்தகமாகித் திரும்பி வந்தது.

எங்கள் ஊருக்கு இந்தப் பாடத்தை நேரில் சொல்லிக்கொடுக்க ஆறே வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,50,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. பெண்ணை பெருகிக் கரையோரத்துப் பாகூர்க் கிராமங்களில் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் முள்வேலியில் ஒரு வரிசையாகப் பைகளும் பொட்டலங்களும் தொங்கின. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பைகள் தொங்கிய மட்டமே போதும். வாய்க்காலில் அடைத்துக்கொண்ட கறுப்புப் பைகளை ஆட்கள் இழுத்து இழுத்துப் போட்டார்கள். மெல்லிய பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை. 120 மைக்ரானுக்குக் குறைந்த பைக்கு 2022 டிசம்பர் 31 முதல் தடை. ஆறு இந்தச் சட்டங்களைப் படித்ததாகத் தெரியவில்லை. நாம் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது. அதன் ஷரத்துக்கள் வருமாறு. டப்பாக்களில் மூடி பொருந்துபவை மட்டும் 6 இருக்கலாம். ஏழாவது வந்தால் ஒன்று வெளியேறவேண்டும். ஓட்டலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டு போகவேண்டும். கடைக்குப் போகிறவர் மஞ்சள் பை இல்லாமல் படி இறங்கக்கூடாது. பால் பாக்கெட்டின் மூலையை முழுவதும் வெட்டாமல், பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி கீறவேண்டும். ஷாம்பு பெரிய பாட்டிலாக வாங்கப்படும். அது ஒரு மாதத்துக்குள் தீர்ந்தால் விசாரணை நடத்தப்படும். காய்கறித் தோலும் உலர்ந்த இலையும் கொல்லைப்புறக் குழிக்குப் போகும். என் மனைவி அலமாரியைப் பெற்றாள். என் தாயார் குப்பைக்குழியைப் பெற்றார்.

கண்ணாடிக்கென்று ஒரு தனி டப்பாவும் வைத்திருக்கிறோம். அந்த 17 டப்பாக்களில் மிகக் கெட்டியான டப்பா அது. உடைந்த துண்டையும், கழித்த பிளேடையும், தீர்ந்துபோன ஊசியையும் காகிதத்தில் சுற்றி அதில் போட்டு, மேலே 'கண்ணாடி, கை வைக்காதீர்கள்' என்று எழுதி, வண்டி வரும்போது நாங்களே கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறோம். தெருவிலே இன்னும் நாலைந்து வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள். வண்டிக்கார அம்மாளின் கை ஆறிவிட்டது. உள்ளங்கையில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. "எதுக்காவது ஆகும்னு சொன்னேனே" என்று என் தாயார் மருமகளிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

வாசகர்களில் பெரும்பாலோர் வீட்டில் இந்நேரம் ஒரு காலி டப்பா இருக்கும். அதன்மேல் இரண்டு வார்த்தை எழுதி வைக்க வேண்டுகிறேன்.